எஸ்தரை நான் அனுப்ப மாட்டேன்

அன்புள்ள மகனுக்கு,

வீட்டில் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்றால் நான், உன் அப்பா, உன் மனைவி எஸ்தர். அவளை இந்த வீட்டு ஆளாகச் சேர்த்துத்தான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே தெரிந்துகொள். கல்கத்தாவிலிருந்து நீ போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். எஸ்தருக்கு ஏதாவது துண்டுக் காகிதம் வைத்திருக்கிறாயா என்று கவரை விரித்து உள்ளே பார்த்தேன். ஒன்றும் இல்லை. உன் பிள்ளையை வயிற்றில் ஆறு மாதம் முடியச் சுமந்துகொண்டு, தன் கஷ்டத்தைத் தன் கையால் உனக்கு எழுதினாள் அவள். அவளுக்கு எழுத வேண்டிய பதிலை நீ எனக்கு எழுதியிருக்கிறாய்.

அவளுக்குப் பொம்பளைச் சீக்கு வந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் என்ன நடந்ததோ, ஏழாம் மாதம் அவள் வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவரும்போது பிரசவத்துக்கு என்று சொல்லி அவளை அவர்களோடு அனுப்பிவிடுங்கள், பிறகு கூப்பிட வேண்டாம், ஊருக்கும் தெரியாது. இதுதானே நீ எழுதியது? தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிற பெண்ணை ஏன் போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். போனவள் திரும்பவில்லை என்பது நாலு பேருக்கு உறைப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். நல்ல யோசனைதான், உன்னைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை. ஆனால் ஏலே, அதை நான் செய்ய மாட்டேன். உன் அப்பா சொன்னாலும் செய்ய மாட்டேன், சபையார் மொத்தமும் வந்து வாசலில் நின்றாலும் செய்ய மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஆர்டர் எடுக்கக் கிளம்புகிற அவசரத்தில் ஓட்டமாகப் படிக்காதே. ஓய்ந்து உட்கார்ந்து படி.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பரிசோதனைக்கு எஸ்தரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவளைப் பார்த்த நர்ஸ் வெளியே வந்து, மறைவிடத்தில் மரு கொத்துக்கொத்தாக இருக்கிறது, மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள் என்று என் காதோடு சொன்னாள். வழியெல்லாம் நான் எஸ்தரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரியிலிருந்து பைபிளை எடுத்து நீட்டினேன். கலியாணத்துக்கு முன்னாலோ பின்னாலோ வேறு யாரோடாவது பழக்கம் உண்டா, கை வைத்துச் சொல் என்றேன். அந்தப் பிள்ளை தயங்கவே இல்லை. கையை வைத்தாள், இல்லை என்றாள். கையை எடுக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் வச்சுட்டேன் அத்தே. இதே புஸ்தகத்த ஒங்க மகன்ட்டயும் நீட்டுவீகளா?"

பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே புத்தகத்தை நீட்டி இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். அன்றைக்கு நான் பட்ட அவமானத்தை, நானே இன்னொருத்திக்கு எடுத்துப் பரிமாறினேன். அன்று சாயங்காலம் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். மாமியார் மருமகளிடம் மன்னிப்புக் கேட்பது நம் பக்கம் வழக்கம் இல்லை என்று உனக்குத் தோன்றலாம். வழக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம். அவளிடம் என் கதை முழுவதையும் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்லப் போகிறேன்.

நீ நாலாம் வகுப்புப் படித்தபோது, அம்மா ஏழு மாதம் மதுரைக்கு டீச்சர் ட்ரெயினிங் போயிருந்தாள் என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாய். எஸ்தரைப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, எங்க அம்மா கலியாணத்துக்கு அப்புறமும் படித்தவர் என்று பெருமையாகச் சொன்னாய். நான் தலையைக் குனிந்து காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு ட்ரெயினிங் கிடையாது. ட்ரெயினிங் முடித்த பிறகுதான் எனக்கு வேலையே கொடுத்தார்கள். அந்த ஏழு மாதமும் சம்பளமில்லாத லீவு போட்டுக்கொண்டு காரியாபட்டியில் என் அப்பா வீட்டில் இருந்தேன். என்னை அங்கே அனுப்பி வைத்தவர் உன் அப்பா. அவர் இப்போது அடுத்த அறையில்தான் இருக்கிறார். நான் என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும், தடுக்கவில்லை.

அப்போது நாம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குடியிருந்தோம். உன் அப்பாவுக்குச் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வடக்கே போய் ஆர்டர் பிடிக்கிற வேலை, இப்போது நீ பார்க்கிற அதே வேலை. ஆடி பிறந்தால் பெட்டியைக் கட்டுவார். கல்கத்தா, பாட்னா, கான்பூர் என்று சுற்றிவிட்டு, தீபாவளிச் சீசன் ஓய்ந்து கார்த்திகையில்தான் வீடு வருவார். அந்த வருடம் அவர் வந்து மூன்று மாதம் இருக்கும். குளிக்கும்போது எனக்குக் கையில் தட்டுப்பட்டது. குருணை அளவுதான். வலி இல்லை, லேசாக அரிப்பு. அடுத்த மாதம் பக்கத்தில் நாலைந்து, பிறகு கொத்தாக. இதை வாய் திறந்து உன் அப்பாவிடம் சொல்ல எனக்கு இருபது நாள் ஆனது. அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கம்பெனி மருந்துத் தூளாகத்தான் இருக்கும், என் வேட்டியில் ஒட்டி வந்து உனக்குப் பட்டிருக்கும் என்றார்.

நம் ஊரில் இதைச் சொன்னால் எவரும் நம்புவார்கள். கையில் சொறி வந்தால் கந்தகம், முடி கொட்டினால் அலுமினியப் பவுடர், பிள்ளை இருமினால் அப்பன் சட்டையில் வந்த வெடிமருந்துத் தூசி. அதில் பாதி நிஜமும்கூட. அதனால் நானும் நம்பினேன். அன்றிலிருந்து அவர் துணியை நம் துணியோடு சேர்க்கவில்லை. தனிப் பானையில் சவுக்காரம் போட்டு அவித்து, கிணற்றடிக் கல்லில் அடித்துத் துவைத்தேன். உன் சட்டை அவர் வேட்டிமேல் பட்டால் உன்னை வைதேன். முகத்து மருவுக்கு யாரோ சொன்ன சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து அங்கே வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு, ஒரு வாரம் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். அந்த வாரம் பார்த்து வந்த இன்ஸ்பெக்டர், பிள்ளைகளுக்காக உட்காராமல் உழைக்கிற டீச்சர் என்று நோட்டில் மெச்சி எழுதிவிட்டுப் போனார்.

இதையும் கேள். நம் சபைக்காரர்களுக்குத் தெரியாமல் மாதா கோவில் திருவிழாவுக்குப் போனேன். உப்பும் மிளகும் கொட்டினேன். நேர்ச்சைக்குப் போடுகிற வெள்ளித் தகடு விற்கிற கடையில் கண், காது, கை, கால், வயிறு, தொட்டில் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு வேண்டியது மட்டும் இல்லை. என்னம்மா பாக்கீக என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். முழு ஆள் உருவம் ஒன்றை வாங்கிப் போட்டேன். எந்த இடம் என்று மாதாவே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன்.

என் கண்ணைத் திறந்தவள் காளியம்மாள். அவள் மகள் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தாள். காளியம்மாளுக்குப் பூச்சட்டிப் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெடிமருந்துக்குள்தான் இருப்பாள்; அலுமினியப் பவுடர் ஒட்டி உள்ளங்கையும் முழங்கையும் வெள்ளி பூசியது மாதிரி மின்னும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிணற்றடிக்கு வந்தவள், நான் வேட்டியைக் கல்லில் போட்டு அடிக்கிற அடியைப் பார்த்து நின்றுவிட்டாள். எதுக்கு டீச்சர் இம்புட்டு அடி என்றாள். யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தது அவளிடம் எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை. தூள் பட்டு உள்ளே மரு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"நான் எட்டு வருசமா இதுக்குள்ளதான் கெடக்கேன் டீச்சர். தின்னுற சோத்துலயும் இதுதான், கட்டுற சேலையிலயும் இதுதான். எனக்கு வராத மரு ஒங்களுக்கு எப்படி வரும்? அவுக ஆர்டர் எடுக்குற ஆளு. அவுக வேட்டியில மருந்து எங்கன இருக்கு?"

அவ்வளவுதான் சொன்னாள், குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கையிலிருந்த வேட்டியைப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு நாள்கூட அதில் நான் தூசியைப் பார்த்ததில்லை. மாதக்கணக்கில் இல்லாத அழுக்கைத் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது, பள்ளிக்கூடம் நடத்துகிற எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதுகூடப் பொய்தான். விளங்கினால் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதற்குப் பயந்துகொண்டு துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? நீ இப்போது செய்கிறதைச் செய்தார். அப்படியென்றால் நீ எங்கே வாங்கினாய் என்று என்னைத் திருப்பிக் கேட்டார். பைபிளை நீட்டினார். நான் கை வைத்துச் சத்தியம் செய்தேன். நீங்களும் வையுங்கள் என்றேன். ஆம்பளைக்கு எதற்குச் சத்தியம் என்று எழுந்து வெளியே போனார். அடுத்த வாரம், உங்க அப்பா வீட்டுல கொஞ்ச நாள் இருந்து ஒடம்பப் பாத்துக்கோ, நான் வந்து கூப்பிட்டுக்கிறேன் என்று சொல்லி என்னைப் பஸ் ஏற்றினார். உன்னை என்னோடு விடவில்லை. சமைத்துப்போட உன் அத்தை வந்து இருந்தாள். நீ பஸ்ஸடியில் நின்று, அம்மா பாஸாகிட்டு வாங்க என்று கையாட்டினாய். நான் ட்ரெயினிங் போய்ப் பரீட்சை எழுதப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தார்கள்.

காரியாபட்டியில் ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. கூப்பிட வருகிறேன் என்றவர் வரவில்லை. மூன்றாம் மாதம் நான் தனியாகவே மதுரைக்குப் பஸ் ஏறி, பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு வயதான லேடி டாக்டர். நான் தூள், துணி, தண்ணீர் என்று என்னென்னமோ சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்க வீட்டுக்காரர் எங்கே என்றார். இது தூசியில் வருவது இல்லை, உடம்பும் உடம்பும் சேருவதில் வருவது, ஒருத்தரை மட்டும் பார்த்துப் பிரயோசனம் இல்லை என்றார். சுற்றிலும் வாசலின் தடவி, மருவின்மேல் மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு மருந்தைத் தொட்டு வைத்தார். ஆறு மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவிவிட வேண்டும். வாரம் ஒரு தடவை போனேன். ஆறாவது வாரத்தில் உதிர்ந்தது. உதிர்ந்தாலும் திரும்ப வரலாம், வந்தால் பயப்படாமல் வாருங்கள் என்றார்.

கடைசி நாள் அவரிடம் கேட்டேன், இது எங்கள் இரண்டு பேரில் யார் கொண்டுவந்தது என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று. அந்தக் காகிதம் ஒன்று கையில் இருந்தால் போதும், தலை நிமிர்ந்து திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அது எந்த டாக்டராலும் எழுத முடியாதும்மா. இது மாசக்கணக்குல, சில பேருக்கு வருசக்கணக்குல சத்தம் காட்டாம இருக்கும். யார் கொண்டுவந்ததுன்னு தேடாதீங்க. அவரையும் ஒரு டாக்டர் பாக்கணும்."

எனக்குக் காகிதம் கிடைக்கவில்லை. ஆனால் வெட்கம் போய்விட்டது. கொண்டுவருகிறவன் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் இந்த ஊரில் அதற்குப் பெயர் பொம்பளைச் சீக்கு. பெயரை வைத்தவன் ஆண். அந்தப் பெயருக்காக நான் ஏன் காரியாபட்டியில் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்? ஏழாம் மாதம், யாரும் கூப்பிடாமல், நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனேன். கோவில் முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கிற நேரம். அத்தனை பேர் பார்க்க நடந்து வந்து உன் அப்பா பக்கத்தில் நின்றேன். ட்ரெயினிங் முடிஞ்சிருச்சா டீச்சர் என்று கேட்டார்கள். முடிந்தது, பாஸாகிவிட்டேன் என்றேன். உன் அப்பா தரையைப் பார்த்தார்.

வீட்டில் வைத்து அவரிடம் ஒன்றுதான் சொன்னேன். டாக்டரைப் பார்க்காமல் என் பக்கம் வர வேண்டாம் என்றேன். நாலு மாதம் அவர் அசையவில்லை, நானும் அசையவில்லை. கடைசியில் தெரிந்த முகம் இல்லாத ஊராகப் பார்த்துத் திருநெல்வேலிக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். வந்த பிறகுதான் உண்மையைச் சொன்னார். கல்கத்தாவில் இருந்தபோதே அவருக்கு இரண்டு மூன்று மரு வந்திருக்கிறது. தானாக உதிர்ந்துபோனது, அதனால் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். எங்கே, யார் என்று சொல்ல ஆரம்பித்தார். போதும் என்றேன். இந்தக் கதையைச் சொன்னபோது, அவரை மன்னித்துவிட்டீர்களா என்று எஸ்தர் கேட்டாள். சில நாள் மன்னித்தேன், சில நாள் மன்னிக்கவில்லை, அப்படியே பதினான்கு வருடம் ஓடிவிட்டது என்றேன்.

இதில் நான் செய்த பெரிய தப்பு அதற்குப் பின்னால் செய்ததுதான். வாயை மூடிக்கொண்டேன். ட்ரெயினிங் பொய்யை வளரவிட்டேன். உன் அப்பா மாசு மருவற்றவர், அம்மா படித்தவர், வீடு கண்ணியமான வீடு என்று நீ நினைத்துக்கொண்டு வளர்வது எனக்கும் வசதியாக இருந்தது. கல்கத்தா வேலைக்கு நீ கிளம்பிய அன்று முறுக்கு சுற்றித் தந்தேன். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ரயிலில் சட்டைப்பையைப் பார்த்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை கோவிலைத் தேடிப் போ என்று என்னவெல்லாமோ சொன்னேன். உன் அப்பா போன அதே ஊருக்கு, அதே வேலைக்குப் போகிறாய் என்று தெரிந்தும் இதை மட்டும் சொல்லவில்லை. வெட்கம் போய்விட்டது என்று மேலே எழுதினேனே, உன் முன்னால் மட்டும் அது போகவில்லை. அதற்கு இப்போது எஸ்தர் அனுபவிக்கிறாள். அவள் வயிற்றில் இருக்கிறது என் பேரனோ பேத்தியோ, அதுவும் சேர்ந்து அனுபவிக்கிறது. இனிமேல் நான் எதையும் மறைத்துப் பேசப் போவது இல்லை.

போன வாரம் எஸ்தரை மதுரைக்குக் கூட்டிப்போனேன். அந்த டாக்டர் இப்போது இல்லை, வேறொரு இளம் டாக்டர் பார்த்தார். கர்ப்பத்தில் இந்த மரு வேகமாகப் பெருகும், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே சுருங்கிவிடும் என்றார். அந்தப் பழுப்பு மருந்தை வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வைக்கக்கூடாது, வீட்டில் எதையும் தடவவும் கூடாது, பிரசவத்தை மட்டும் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளைக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது என்றார். பிற்காலத்தில் மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம் கண்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வர வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். இந்த மருவால் அப்படி ஏதாவது வருமா என்று கேட்டேன். இன்னும் தெரியாது, தெரியாததால்தான் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றார். தெரியாது என்று சொல்கிற டாக்டர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இனி உனக்கு. நீ எங்கேயாவது போனாயா என்று நான் கேட்கப் போவது இல்லை. பைபிளைத் தபாலில் அனுப்பப் போவதும் இல்லை. கலியாணத்துக்கு முன்னால் நடந்ததா, பின்னால் நடந்ததா, அது உனக்கும் எஸ்தருக்கும் நடுவில் பேச வேண்டியது; அவள் கேட்டால் நீ சொல்லித்தான் ஆக வேண்டும். மரு வந்தது என்பதை மட்டும் வைத்து அவள்மேல் பழி போட உனக்கு உரிமை இல்லை, உன்மேல் போட எனக்கும் இல்லை. நாளைக்கே ஒரு டாக்டரிடம் போய் உடுப்பைக் கழற்றிக் காட்டு. எனக்கு ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லாதே. உன் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். பிளேடால் சீவுவது, மயிரால் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது எதையும் செய்யாதே. நான் செய்து பார்த்தாயிற்று. இரண்டு பேருக்கும் டாக்டர் சரி என்று சொல்கிறவரை விலகி இருங்கள். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் குடும்பக்கட்டுப்பாட்டுக்காரர்கள் தருகிற உறையை உபயோகிக்கச் சொன்னார் டாக்டர். அதுவும் முழுக் காவல் இல்லை, உறை மூடாத இடத்திலும் தோலோடு தோல் பட்டால் ஒட்டும் என்றார். பெற்ற தாய் மகனுக்கு எழுதுகிற பேச்சா இது என்று உனக்குக் கூசும். கூசட்டும். நான் கூசிக்கொண்டு இருந்ததன் பலனைத்தான் மேலே படித்தாய்.

நேற்று எஸ்தரின் அப்பாவும் அம்மாவும் கட்டுச்சோறு கொண்டுவந்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு என்று ஏழு பாத்திரம். சொந்தக்காரர்கள் வந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவள் அப்பா எழுந்து, நல்ல நேரத்துல பிள்ளையக் கூட்டிட்டுக் கெளம்புறோம் சம்மந்தியம்மா என்றார். நான் உன் கடிதத்தை அதற்கு முதல் நாளே எஸ்தரிடம் கொடுத்திருந்தேன். மறைப்பது இல்லை என்று சொன்னேன் அல்லவா? அவள் அதைப் படித்துவிட்டு அழவில்லை. எனக்காக நீங்கள் சண்டை போட வேண்டாம் அத்தை, நானே சொல்கிறேன் என்றாள். அத்தனை பேர் நடுவில், கையில் வளையல் குலுங்க, அவள் அப்பாவைப் பார்த்து, "நான் வரலப்பா. போனாத் திரும்பி வர முடியாதுங்குற எடத்துக்கு நான் போகல. பிள்ளைய இந்த வீட்டுலதான் பெறுவேன். பிள்ளையோட அப்பா இங்கன வந்து பாக்கட்டும்" என்றாள்.

தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலா என்று உன் அத்தை முணுமுணுத்தாள். ஆமாம், இந்த வீட்டில்தான் என்று நான் சொன்னேன். எஸ்தரின் அம்மா பிரசவம்வரை இங்கேயே வந்து இருக்கட்டும் என்று அவளுக்கும் ஒரு பாயை எடுத்துப் போட்டேன். ஏன், எதற்கு என்று கேட்டவர்களுக்கு, என் மகன் வந்து பதில் சொல்வான் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் நீ வந்தாக வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு வா. கைகால் நடுங்கிக்கொண்டு வந்தாலும் சரி, வா. வராவிட்டாலும் அவள் இங்கேதான் இருப்பாள், பிள்ளை இங்கேதான் வளரும். அப்பா எங்கே என்று அது கேட்கிற வயதில் நான் உயிரோடு இருந்தால், ட்ரெயினிங் போயிருக்கிறார் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இதை எழுதி முடித்து உன் அப்பாவிடம் கொடுத்தேன். உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், நீங்கள் படிக்காமல் தபாலில் போட மாட்டேன் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தார். கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்; கிழித்தால் மறுபடி எழுதுவதற்குக் காகிதம் வாங்கி வைத்திருந்தேன். நடுவில் ஒரு பக்கத்தில் நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் அடிக்கச் சொல்லவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கினார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

அம்மா எழுதியது எல்லாம் நடந்தது. அன்றைக்கு அவளை நான் கூப்பிடப் போகவில்லை. நீ கிளம்பி வா.
அப்பா